ஐ10, கிராண்ட் ஐ10, நியோஸ்: சென்னையில் சின்னக் கார் வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

மேடவாக்கத்தில் இருக்கும் என் தங்கை ஒரு நாள் காலையில் ஒரு படம் அனுப்பினாள். வெள்ளை நிற ஹூண்டாய் கிராண்ட் ஐ10, 2016 மாடல், சிங்கிள் ஓனர், விலை மூன்றே கால் லட்சம். கீழே ஒரே வரி: "வாங்கலாமா அண்ணா?" அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அந்த மூன்று ஞாயிறுகளில் பார்த்ததும், அதற்கு முன்பு நானே இரண்டு பழைய கார்களை வாங்கி விற்றதில் பட்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

விலை சரிதானா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. முதலில் தலைமுறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அந்தத் தலைமுறைக்குள் எஞ்சினையும் கியரையும். அதற்கும் பிறகுதான் குறிப்பிட்ட ஒரு வண்டியை. வரிசை மாறினால் பாலிஷ் பளபளப்பில் மயங்கி, நமக்குப் பொருந்தாத எஞ்சினை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவோம்.

ஹூண்டாயின் ஐ10 குடும்பத்தை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் எளிது. ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் வண்டி அது. 1998-இல் சான்ட்ரோ வெளிவந்த நாளிலிருந்து சென்னை மெக்கானிக்குகளுக்கு இந்தக் கம்பெனி வண்டிகள் கைப்பழக்கம். உதிரிபாகம் ஜி.பி. ரோட்டில் இல்லையென்றால் புதுப்பேட்டையில் கிடைக்கும். ஸ்விஃப்ட், வேகன் ஆர் தேடுபவர்களும் இதே வரிசையில் போகலாம். விவரங்கள் மட்டும்தான் மாறும்.

முதலில் உங்கள் ஓட்டத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு தாளில் மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று எழுதுங்கள். என் தங்கை வீட்டில் அது 600. பள்ளி, சனிக்கிழமை தி.நகர், மாதம் ஒருமுறை காஞ்சிபுரத்தில் மாமியார் வீடு. ஆண்டுக்கு 7,200 கிலோமீட்டர். நகர நெரிசலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 480 லிட்டர் பெட்ரோல் வேண்டும். 17 தரும் வண்டிக்கு 424 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு வித்தியாசம் 5,600 ரூபாய். ஒரு பம்பர் டிங்கரிங் செலவு அவ்வளவு வரும். மைலேஜுக்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

டீசலை இந்த ஓட்டத்துக்கு யோசிக்கவே வேண்டாம். தினமும் ஒரகடம் போய் வருபவர் என்றால் கதை வேறு. சி.என்.ஜி. ஓட்டச் செலவைக் குறைக்கும்; ஆனால் ஒற்றைச் சிலிண்டர் வைத்த வண்டிகளில் டிக்கியைச் சிலிண்டரே எடுத்துக்கொள்ளும். உங்கள் வழக்கமான பாதையில் பங்க் இருக்கிறதா, வரிசை எவ்வளவு நீளம் என்று நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்று தலைமுறைகள்

முதல் ஐ10 2007 அக்டோபரில் வந்தது. ஆரம்பத்தில் 1.1 லிட்டர் எஞ்சின். அடுத்த ஆண்டே 1.2 லிட்டர் கப்பா எஞ்சினும் சேர்ந்தது. வெளியே இரண்டும் ஒரே வண்டிபோலத்தான் இருக்கும். உள்ளே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. 1.1 எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட், அதாவது ரப்பர். அது ஓட்டத்தாலும் வயதாலும் இற்றுப்போகும். அறுந்தால் எஞ்சினைப் பிரிக்கும் செலவு வரும். கப்பாவில் இருப்பது செயின். ஆகவே 1.1 வண்டி என்றால் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறையுங்கள்.

இரண்டாவது, கிராண்ட் ஐ10. 2013 செப்டம்பரில் வந்தது. நீளம் 3,765 மில்லிமீட்டர். முதல் ஐ10-ஐவிட ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அதிகம். டிக்கி 256 லிட்டர். இவற்றையெல்லாம்விடச் சென்னைக்காரனுக்கு முக்கியமானது, பின்சீட்டுக்கும் ஏ.சி. காற்று வரும் வழி. மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு வெயிலில் நிறுத்திய வண்டியில் பாட்டியையும் குழந்தையையும் பின்னால் ஏற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2017 தொடக்கத்தில் முகப்பை மாற்றினார்கள், டீசலிலும் 1.1 லிட்டர் போய் 1.2 லிட்டர் வந்தது.

மூன்றாவது, 2019 ஆகஸ்ட்டில் வந்த கிராண்ட் ஐ10 நியோஸ். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 2,450 மில்லிமீட்டர். பெட்ரோல் எஞ்சின் அதே கப்பாவின் வழித்தோன்றல், 83 குதிரைத்திறன். கொஞ்ச காலம் 1.0 டர்போவும் டீசலும் இருந்தன. இரண்டும் இப்போது இல்லை. 2023 ஜனவரியில் முகம் மாறியது.

இவற்றில் எது? ஒரு தலைமுறை வெளிவந்த முதல் ஆண்டு வண்டியைவிட, அதே தலைமுறையின் கடைசி இரண்டு மூன்று ஆண்டு வண்டியைத்தான் நான் எப்போதும் தேடுவேன். ஆரம்பக் குறைகளைக் கம்பெனி அதற்குள் சரிசெய்திருக்கும், மெக்கானிக்கும் பழகியிருப்பார். அந்தக் கணக்கில் 2017 முதல் 2019 வரையிலான கிராண்ட் ஐ10 பெட்ரோல், நகர ஓட்டத்துக்கு மிக நல்ல பேரம். கார் ஓட்டப் பழகும் வீட்டுக்கு, பழைய ஐ10-இல் கப்பா எஞ்சின் வண்டி போதும். சுவரில் உரசினால் மனம் வலிக்காது.

ஆட்டோமேட்டிக் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஐ10, கிராண்ட் ஐ10 இரண்டிலும் இருந்தது நான்கு கியர் கொண்ட பழைய பாணி டார்க் கன்வர்ட்டர்; அதில் எண்ணெய் வழியாகத்தான் விசை போகும். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் கத்திப்பாராவில் நகர்ந்து நின்று நகரும்போது வெண்ணெய். நியோஸில் வருவது ஏ.எம்.டி.; அடிப்படையில் மேனுவல் கியர்தான், கிளட்ச்சை மோட்டார் மிதிக்கிறது. மைலேஜ் நன்றாக இருக்கும், கியர் மாறும்போது ஒரு சிறு தலையாட்டல் இருக்கும். பெசன்ட் நகரில் இருக்கும் என் பெரியப்பா ஓட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ புதிதாகக் கற்றுக்கொள்பவன் எனக்காக கியர் போடுகிறான்" என்றார். பழகினால் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. குறைந்தது அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பாதுகாப்பு

இங்கேதான் புதியது, பழையது என்ற கேள்விக்கு உண்மையான எடை வருகிறது. கார்களை மோதவிட்டு மதிப்பிடும் குளோபல் என்காப் அமைப்பு 2014-இல் ஏர்பேக் இல்லாத ஐ10-ஐ மோதவிட்டுப் பார்த்து, பெரியவர் பாதுகாப்புக்குப் பூஜ்யம் நட்சத்திரம் கொடுத்தது. 2020-இல் இரண்டு ஏர்பேக் கொண்ட நியோஸுக்கு இரண்டு நட்சத்திரம். 2023 அக்டோபரில் கம்பெனி தன் எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக் நிலையாக வரும் என்று அறிவித்தது. ஏர்பேக் கூடியது நல்லதுதான். ஆனால் ஏர்பேக்கின் எண்ணிக்கை உடற்கூட்டின் வலிமை ஆகிவிடாது என்பதை விற்பனையாளர் சொல்லமாட்டார்.

பழைய வண்டிகளில் ஆண்டைவிட வேரியண்ட், அதாவது ஒரே மாடலுக்குள் விலைக்கேற்ற வசதிநிலை, முக்கியம். 2019 ஏப்ரலிலிருந்துதான் எல்லாக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கட்டாயம், அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக். அதற்கு முந்தைய கீழ்நிலை வேரியண்ட்களில் இவை இல்லாமலே போகலாம். ஸ்டியரிங்கிலும் டேஷ்போர்டிலும் ஏர்பேக் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், பல்பைக் கழற்றி எதையோ மறைத்திருக்கலாம்.

மாதம் நான்கு முறை ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் தாண்டிப் போகும் குடும்பம் என்றால், 2023 அக்டோபருக்குப் பிந்தைய நியோஸுக்குக் கீழே நான் இறங்கமாட்டேன். நகருக்குள் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்பவர்களுக்கு இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். இரண்டும் உள்ள கிராண்ட் ஐ10 போதும்.

வண்டியைப் பார்க்கும் முன் காகிதம்

ஆர்.சி. படத்தை முதலில் வாங்குங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு, காப்பீடு எதுவரை, கடன் பாக்கி உண்டா, எத்தனையாவது உரிமையாளர், அபராதச் சலான் நிலுவை உண்டா என்று பாருங்கள். ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் பதிவு செய்த தேதியும் தனித்தனியாக இருக்கும். 2016 டிசம்பரில் தயாராகி 2017 ஏப்ரலில் பதிவான வண்டியை '2017 மாடல்' என்று விற்பது ஊர் வழக்கம். வயது தயாரித்த நாளிலிருந்துதான்.

கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.), ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வேண்டும். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார்" என்று பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடையில் சொல்வார்கள். பார்த்துக்கொள்ளட்டும், பார்த்த பிறகு பாக்கிப் பணம் கொடுக்கலாம். புதுச்சேரி அல்லது கர்நாடகப் பதிவு வண்டி மலிவாகக் கிடைத்தால், அந்த மாநில என்.ஓ.சி.யையும் இங்கே கட்டவேண்டிய சாலை வரியையும் சேர்த்துக் கூட்டுங்கள். பெரும்பாலும் மலிவு அங்கேயே கரைந்துவிடும். பழைய ஐ10 வாங்குபவர்கள் 15 ஆண்டுப் பதிவு எந்த மாதம் முடிகிறது என்றும் பார்க்க வேண்டும். அதன்பின் தகுதிச் சோதனை, 5,000 ரூபாய் மறுபதிவுக் கட்டணம், பசுமை வரி எல்லாம் உண்டு.

வெள்ளம்

சென்னையில் பழைய கார் வாங்குபவனுக்கு இதைவிட முக்கியமான சோதனை இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் மூழ்கிய கார்கள் எல்லாம் உடைப்பதற்குப் போய்விடவில்லை. பல, கழுவி உலர்த்தி மறுபடியும் சாலைக்கு வந்தன.

முதல் ஞாயிறு நாங்கள் பார்த்த வண்டி அப்படிப்பட்டது. சீட் கவர் புதியது, உள்ளே மல்லிகை மணம் தூக்கலாக. என்னோடு வந்த மெக்கானிக் அண்ணன் எஞ்சினைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். வழக்கமாக வெளியே வரும் பகுதி கறுப்பாகத்தான் இருந்தது. சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி ஒரு அடி மட்டும் செம்மண் நிறம், தொட்டால் மொரமொரப்பு. விரலில் ஒட்டிய தூசியை என்னிடம் காட்டினார். விற்பவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. "டீ சாப்பிட்டுவிட்டு வருகிறோம்" என்று கிளம்பியவர்கள் திரும்பிப் போகவில்லை.

பெல்ட்டோடு நிறுத்த வேண்டாம். டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட்டுக்கு அடியில், சீட் நகரும் தண்டவாளத்தின் திருகுகள் துருப்பிடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஓட்டுநர் காலடிக் கம்பளத்தை விலக்கி, அடியில் இருக்கும் பஞ்சை அழுத்துங்கள். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் செம்பு முனைகளில் பச்சைப் பூத்திருக்கக் கூடாது. ஹெட்லைட்டுக்குள் நீராவிக் கறை ஒரு மட்டத்தில் கோடாக நின்றால் அதுவே சாட்சி. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்திருந்தால், எஞ்சினுக்குள் போன நீர் அமுங்காமல், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். அப்படிப்பட்ட எஞ்சின் மாதக்கணக்கில் ஓடிவிட்டுத்தான் உடையும்.

கடற்கரைப் பக்கத்து வண்டிகளுக்கு இன்னொரு நோய், உப்புக் காற்று. திருவான்மியூர், எண்ணூர் பக்கம் வெட்டவெளியில் நின்ற வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடித்தகட்டையும் சைலன்சரையும் கதவின் கீழ் விளிம்பையும் பாருங்கள். மேலே பெயின்ட் மின்னும். கீழே உரிந்து தொங்கும்.

மோதிய அடையாளம், மீட்டர்

பானெட் போல்ட் தலைகளில் பெயின்ட் சிராய்ந்திருந்தால் ஸ்பானர் பட்டிருக்கிறது என்று பொருள். கதவின் ரப்பர் பீடிங்கை இழுத்து, ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறு கண்ணாடிகளில் ஒன்றில் மட்டும் வேறு கம்பெனி முத்திரை என்றால் ஏன் என்று கேளுங்கள். பம்பர் மாற்றியது குற்றமில்லை. சென்னையில் மாற்றாத பம்பர்தான் அதிசயம். எஞ்சின் பக்கத்து உள்தகடான ஏப்ரனும், கூரையைத் தாங்கும் பில்லரும் வெட்டி ஒட்டியிருந்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

மீட்டரை நம்ப வேண்டாம். சர்வீஸ் வரலாற்றைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பெறச் சொல்லுங்கள். 38,000 கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் கதை பொருந்தவில்லை. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம்.

ஓட்டிப் பார்த்தல்

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நாங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல்நாளே சொல்லுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலைச் சத்தத்தை யாரோ மறைக்கிறார்கள். கப்பாவில் ஸ்டார்ட் ஆனதும் செயின் சத்தம் கலகலவென்று தொடர்ந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள்.

வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்டுங்கள். இந்தக் குடும்பத்தில் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் மோட்டாரில் ஒரு ரப்பர் கப்ளிங் உண்டு. அது தேய்ந்தால் 'டக்டக்' என்று கையில் தெரியும். கப்ளிங் மலிவு, கழற்றிப் பூட்டும் கூலிதான் அதிகம். சஸ்பென்ஷன் புஷ் என்று சொல்லி வேறு எதையாவது மாற்றிவிடுவார்கள், கவனம்.

ஏற்றத்துக்கு மலை தேட வேண்டாம். ஏதாவது ஒரு அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் சரிவு போதும். பாதி ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். கிளட்ச் தேய்ந்திருந்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. கரிந்த வாசனை வரும். பிறகு பிற்பகலில் ஒருமுறை ஏ.சி.யை முழுதாக வைத்துச் சிக்னலில் பத்து நிமிடம் நில்லுங்கள். ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது வெப்பக் காற்று தந்தால் கன்டென்சர் ஃபேனையோ கேஸையோ பார்க்க வேண்டும். வெப்பநிலை முள் நடுவைத் தாண்டக் கூடாது.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளின் பாகங்கள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமாறு செய்யப்பட்டவை. அதற்கு முந்தையவற்றில் எரிபொருள் குழாய் ரப்பர்களை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கடைசியில் விலை

2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய வண்டி விற்பவர்கள் பலர் இன்னும் அதற்கு முந்தைய விலையை மனதில் வைத்தே பேசுகிறார்கள். ஆகவே பேரத்துக்குப் போகும் முன் அதே வேரியண்ட்டின் இன்றைய புது வண்டி விலைப்பட்டியலைக் கையில் வைத்திருங்கள்.

புது வண்டியின் ஷோரூம் விலையோடு முடிவதில்லை. உதாரணத்துக்கு 6 லட்சம் என்றால், தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் இடைப்பட்ட கார்களுக்கு 13 சதவீதச் சாலை வரி. அதுவே 78,000 ரூபாய். அதோடு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இந்த வரியைப் பழைய வண்டியில் முதல் உரிமையாளர் கட்டிமுடித்துவிட்டார். மறுபக்கம், பழைய கார் கடனுக்கு வட்டி அதிகம்; வாங்கிய முதல் மாதத்திலேயே டயர், பேட்டரி, ஆயில், பிரேக் என்று ஒரு பட்டியல் வரும். அதற்காக 40,000 ரூபாய் தனியே எடுத்துவைக்கச் சொன்னேன். தங்கை முகம் சுளித்தாள்; செலவு 36,000-இல் நின்றது.

என் அளவுகோல் இது: எல்லாச் செலவும் சேர்த்துப் பழைய வண்டி, புதியதன் ஆன்ரோடு விலையில் (வரியும் காப்பீடும் சேர்ந்த விலை) அறுபது சதவீதத்தைத் தாண்டினால் புதியதை வாங்கிவிடுவேன்.

புதியதோ பழையதோ, காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேருங்கள். சாதாரண முழுக் காப்பீடு, நீர் புகுந்து எஞ்சின் கெட்டதை ஏற்காமல் போகலாம். இந்த ஊரில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

பெயர் மாற்றம்

படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். முந்தையவரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி, அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. அதை விலையில் சேர்த்துப் பேசினால் சிரித்துவிட்டு மறுங்கள். ஃபாஸ்டாகைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டுங்கள். முழுப்பணத்தையும் கொடுக்காமல், ஆர்.சி. பெயர் மாறி வரும்வரை ஒரு தொகையை நிறுத்திவைப்பது இங்கே சாதாரண வழக்கம்தான், கூச்சப்பட வேண்டாம்.

மூன்றாவது ஞாயிறு தங்கை வாங்கியது முதலில் படம் அனுப்பிய வண்டியை அல்ல. 2018 கிராண்ட் ஐ10 பெட்ரோல், அண்ணா நகரில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியரிடமிருந்து. சாவி வாங்கும்போது, வண்டியை ஒப்படைத்ததற்கான டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதச் சொன்னார் அந்த ஆசிரியர்: மாலை 5.40. ஏன் என்று கேட்டதற்கு, "போன வண்டியை விற்ற அன்று இரவு ஏழு மணிக்குச் சிக்னல் தாண்டிய அபராதம் என் பெயருக்கு வந்துவிட்டது அம்மா" என்றார். தங்கை அதற்குக் கீழேயே, அந்த நேரத்துக்கு முந்தைய அபராதங்கள் எல்லாம் விற்பவர் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டார்கள்.